போதும்மா

காளவாசல் என்றால் செங்கலும் சுண்ணாம்பும் சுடுகிற சூளை. மதுரையில் எங்கள் பகுதிக்கு அதுதான் பேர். எனக்கு விவரம் தெரிந்த நாளில் எங்கள் பக்கம் சூளை கிடையாது. பேர் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. ஆனாலும் வீட்டில் சூளைப் பேச்சுக்குக் குறைவில்லை. அப்பா கொத்தனார். வேலை நடக்கிற இடத்தில் செங்கல் லோடு இறங்கியதும் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். கணீர் என்று கேட்டால் வெந்த கல். சத்தம் மொத்தையாக விழுந்தால் வேகாத கல். ஒரு லோடுக்கு ஐந்தாறு தட்டு, அவ்வளவுதான். மிச்சக் கல்லெல்லாம் தட்டுப்படாமலேயே பாஸாகிவிடும்.

சங்கீதப் பரீட்சையும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும் என்று 1984இல் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் இசைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. அன்றைக்குத் தேர்வாளர்களாக உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள். கொத்தனார் மகள் பாட்டுப் படிக்கப் போனது தெருவில் கொஞ்ச நாளைக்குப் பேச்சாக இருந்தது. ‘பொண்ணு கச்சேரி பண்ணப் போகுதாக்கும்?’ என்று கேட்டவர்களிடம், ‘இல்லப்பா, பாட்டு டீச்சர் வேலைக்கு’ என்று அப்பா சொல்லிவைப்பார். கச்சேரி என்றால் முகம் சுளிக்கிறவர்கள் வேலை என்றதும் அடங்கிவிடுவார்கள்.

‘செய்முறைத் தேர்வுக்கு வேண்டியவை’ என்று தலைப்புப் போட்டு சைக்ளோஸ்டைல் தாள் ஒன்று கொடுத்தார்கள். முப்பத்தைந்து தாள அலங்காரங்களும் மூன்று காலத்தில். ஆதி தாள வர்ணங்கள், அட தாள வர்ணங்கள், எல்லாம் இரண்டு காலத்தில். மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள், தமிழ்க் கீர்த்தனைகள், தேவாரம், திருப்புகழ், பதம், ஜாவளி, தில்லானா. ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம். கடைசியாக ஒரு பல்லவி, அதை அனுலோமம், பிரதிலோமம், திஸ்ரம் என்று புரட்டிப் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாகப் பாடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று நானும் என் சிநேகிதியும் ஒருநாள் கணக்குப் போட்டோம். காலையில் ஆரம்பித்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், ராத்திரி கடைசி பஸ் போன பிறகுதான் தில்லானா வரும்.

ஆறு மாதம் விடிகாலை நாலரைக்கு எழுந்து சாதகம். அப்பா கரண்டியும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்துக்கு நான் பைரவி அட தாள வர்ணத்தில் ‘விரிபோணி’ இரண்டாம் காலத்தில் இருப்பேன். பச்சிமிரியம் ஆதியப்பய்யா செய்தது. பதினாலு அட்சரத் தாளம். செருப்பை மாட்டும்போதே அப்பாவின் கால் விரல் தாளத்துக்கு ஆடும். அவருக்கு அது தெரியாது. முழுசாக, சரணத்துச் சிட்டை ஸ்வரங்கள் வரைக்கும், ஒரு தடவைகூட நிற்காமல் வந்துவிட வேண்டும் என்பது என் வெறி. வந்தும்விட்டது.

பரீட்சை அன்றைக்கு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே சுருதிப் பெட்டி. துருத்தி வைத்த பழைய பெட்டி, எங்கேயோ காற்று இறங்கும். அதைப் போடுவதற்குத் தனி ஆள் கிடையாது. எனக்கு முந்தின நம்பர்ப் பெண் பாடி முடித்தால் எனக்குப் பெட்டி போட வேண்டும். நான் முடித்தால் அடுத்தவளுக்கு. தன் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் அவள் போட்ட போட்டில் ஐந்து கட்டை சில சமயம் ஐந்தரைக்குப் போய் வந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வெளியூரிலிருந்து வந்த வெளித் தேர்வாளர். ‘அட தாள வர்ணம் பாடும்மா.’

ஆரம்பித்தேன். பல்லவி முடிந்து அனுபல்லவி எடுத்தேன். இரண்டாவது ஆவர்த்தனத்தில் அவர் தாளைப் புரட்டிக்கொண்டே, ‘போதும்மா’ என்றார்.

‘மட்டிய தாள அலங்காரம், மூணு காலம்.’ முதல் காலம், இரண்டாம் காலம். ‘போதும்மா.’

‘கல்யாணி.’ மத்திய ஸ்தாயியில் கொஞ்சம் உலாவிவிட்டு மேல் ஷட்ஜத்துக்கு ஏறப் போகிறேன். கல்யாணியில் அந்த இடத்துக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். ‘போதும்மா.’

பிறகு வாய்மொழித் தேர்வு. ‘தாள தசப் பிராணன் சொல்லு.’ காலம், மார்க்கம், கிரியை, அங்கம், கிரகம், ஜாதி, களை, லயம் என்று எட்டு வரைக்கும் வந்துவிட்டேன். இந்த இடத்தில் ‘போதும்மா’ வரும் என்று நம்பிக்கையோடு நிறுத்தினேன். வரவில்லை. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ‘உம், மேல சொல்லு.’ யதி எனக்கு மறந்துபோய்விட்டது. பாடினால் பாதியில் போதும். ஒப்பித்தால் பத்தும் வேண்டும் என்கிற பரீட்சை தர்மம் அப்போது எனக்குத் தெரியாது.

எட்டு நிமிஷம் ஆகியிருக்கலாம். எழுந்து வந்து அடுத்தவளுக்குப் பெட்டி போட உட்கார்ந்தேன்.

எங்கள் ஆசிரியர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்: ‘போதும்னு சொன்னா சந்தோஷப்படு. சொல்லாம பாட விட்டாத்தான் பயப்படணும். ஒண்ணு தப்புத் தேடுறாங்கன்னு அர்த்தம், இல்லைன்னா தூங்கிட்டாங்கன்னு அர்த்தம்.’ வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது வேறு. ‘என்னம்மா, தட்டிப் பாத்தாங்களா?’

‘பாத்தாங்கப்பா.’

‘கணீர்னு கேட்டுச்சா?’

முதல் வகுப்பில் பாஸ் பண்ணினேன். விரிபோணியின் சரணத்தை அரசாங்கம் கேட்காமலேயே.

மதுரைக்காரர்களுக்குச் சங்கீதப் பரீட்சை ஒன்றும் புதிதில்லை. சொக்கநாதரே இரண்டு முறை தலையிட்டிருக்கிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் எல்லோருக்கும் தெரியும். வடநாட்டு ஏமநாதனோடு பாணபத்திரர் பாட வேண்டும் என்று வரகுண பாண்டியன் உத்தரவு. முதல் நாள் ராத்திரி கடவுள் விறகுக்காரனாக ஏமநாதன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சாதாரிப் பண் பாடுகிறார். ‘நீ யாரப்பா?’ என்றால், ‘பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போனேன், ஆகாது என்று தள்ளிவிட்டார்’ என்கிறார். தள்ளுபடியான ஆளே இப்படியா என்று ஏமநாதன் விடிவதற்குள் ஊரைக் காலி செய்கிறான். பரீட்சை நடக்கவே இல்லை. எதிராளி வரவில்லை என்பதால் பாணபத்திரர் பாஸ். ஆள்மாறாட்டம் என்று இன்றைய தேர்வுத் துறை மூன்று வருஷம் தடை போட்டிருக்கும்.

1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் இது எப்படி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஏமநாதனாக வரும் பாலையாவுக்காக பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒருநாள் போதுமா’ ராகமாலிகை. தன் பாட்டுக்கு ஒரு நாள் காணாது என்று அலட்டுகிற வித்வானை ஊரை விட்டு விரட்டின ஊர் இது. எட்டு நிமிஷத்துக்குள் பாடி முடிக்கிறவர்கள்தான் எங்கள் ஊரில் பிழைப்பார்கள் என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று அதிகம் பேர் சொல்லாத கதை, இசைவாது வென்ற படலம். பாணபத்திரரின் மனைவிக்கும் ஈழத்திலிருந்து வந்த பாடினிக்கும் போட்டி. அடுத்த அரசன் இராசராச பாண்டியனுக்கு ஈழத்துப் பாடினியை ஜெயிக்கவைக்க வேண்டும் என்று உள்ளூர ஆசை. சபையில் அவளே ஜெயித்ததாகத் தீர்ப்புச் சொல்கிறான்; இருக்கிற புலவர்களும் ஆமாம் போடுகிறார்கள். மறுபடியும் அதே தீர்ப்பு. கடைசியில் பாணபத்திரர் மனைவி கோயிலில் வைத்துப் பாடலாம் என்கிறாள். சொக்கர் ஓர் இசைப்புலவராக வந்து கூட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் ராஜாவின் வாயில் உண்மை வருகிறது. வெளித் தேர்வாளர் என்ற ஏற்பாட்டின் அவசியத்தை இதைவிட நன்றாக எந்தப் பல்கலைக்கழகமும் விளக்கியதில்லை.

பட்டியல் போடுவதிலும் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயதில் சோழன் முன்னால் அரங்கேறுகிறாள். மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். ஆனால் யார் யாருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் விரிவாக எழுதுகிற இடத்தில் மாதவி இல்லை. ஆடல் ஆசான், இசை ஆசான், புலவன், மத்தளக்காரன், குழலோன், யாழோன் என்று கற்றுக்கொடுக்கிறவர்களையும் கூட வாசிக்கிறவர்களையும்தான் ஒவ்வொருவராக நிறுத்தி அளக்கிறார். நம் காலத்தில் அந்தப் பட்டியலைத் தலைகீழாக்கி மாணவி கையில் கொடுத்துவிட்டோம்.

கல்லூரிகள் வந்தது வெகு பின்னால். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ வித்யாலயத்தில் சிறுவனாகப் படித்தவர் மதுரை மணி ஐயர். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1939இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சங்கீத அகாடமிக்கு முத்தையா பாகவதரே முதல் தலைவர். 1949இல் சென்னையில் அரசாங்கக் கல்லூரி, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். இங்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர்கள் குருவின் வீட்டில் தண்ணீர் இறைத்துப் பாட்டுக் கற்ற தலைமுறை. குரு எப்போது ‘போதும்’ என்பார் என்று வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தவர்கள், மணியடித்தால் வகுப்பு முடிகிற இடத்தில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டியதாயிற்று. பாடத்திட்டத்தில் அவ்வளவு உருப்படிகள் வந்து குவிந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும். பன்னிரண்டு வருஷத்தை மூன்று வருஷத்துக்குள் அடைக்க முடியாதவர்கள், தாளிலாவது அடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

நான் பாட்டு டீச்சரானேன். தொண்ணூறுகளில் எனக்கும் தேர்வாளர் வேலை வந்தது. முதல் நாள், நல்ல சேலை கட்டி, மனசுக்குள் ஒரு சபதத்தோடு போனேன்: ஒருத்தரையும் நடுவில் நிறுத்தமாட்டேன்.

பட்டியலில் 42 பேர். ஒன்பதரைக்கு ஆரம்பம், ஐந்தரைக்கு முடிவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி, இரண்டு டீக்கு அரை மணி. மிச்சம் 390 நிமிஷம். ஆளுக்கு ஒன்பது நிமிஷமும் சில்லறையும். அந்த ஒன்பதுக்குள் வந்து கும்பிட்டு, சுருதி சேர்த்து, தொண்டையைச் செருமி, பாடி, வாய்மொழி சொல்லி, எழுந்து போக வேண்டும். விரிபோணி இரண்டு காலமும் முழுசாகப் பாடினால் அதுவே கால் மணி நேரம்.

முதல் பையனை முழுசாகக் கேட்டேன். இரண்டாவது பெண்ணையும். மூன்றாவது ஆள் வரும்போது பக்கத்திலிருந்த பெரியவர் கடிகாரத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது பெண் அனுபல்லவிக்கு வந்தாள். ‘போதும்மா’ என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

அதன் பிறகு எத்தனை நூறு முறை சொன்னேனோ. சொல்லச் சொல்ல அதில் ஒரு தொழில் நயம்கூட வந்துவிட்டது. நன்றாகப் பாடுகிறவர்களிடம் இழுத்து, ‘போதும்ம்மா’. தடுமாறுகிறவர்களிடம் அவர்கள் விழுவதற்கு ஒரு விநாடி முன்னால், கருணையோடு. அப்பா சரிதான், முதல் தட்டிலேயே தெரிந்துவிடும். சுருதியில் நிற்கிறதா, பாடாந்தரம் சுத்தமா என்பதற்கு ஒரு பல்லவி தாராளம். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: சரணத்துக்கு வரும்போது அந்தப் பெண் என்ன ஆவாள் என்பது. அதற்கு மதிப்பெண் கட்டம் கிடையாது.

1988இல் ‘அக்னி நட்சத்திரம்’ படம் வந்ததிலிருந்து மோகன வர்ணத்தைக் கேட்டாலே பிள்ளைகள் முகத்தில் ஒரு சிரிப்பு. ராமநாதபுரத்துப் பூச்சி சீனிவாச ஐயங்காரின் ‘நின்னுக்கோரி’ வர்ணத்தை எடுப்பாகக் கொண்டு பண்ணைப்புரத்து இளையராஜா போட்ட பாட்டு. பாதிப் பேர் வர்ணத்தின் முதல் அடியைப் பாடிவிட்டு, படத்தில் பாடிய சித்ரா போன வழியில் போகப் பார்ப்பார்கள். அவர்களை நிறுத்த எனக்கு மனசு வராது. அந்த ஒரு இடத்தில் மட்டும் நேரம் போனாலும் போகட்டும் என்று இருந்துவிடுவேன். இதை இதுவரை வெளியே சொன்னதில்லை.

இனி இப்போதைய கதை. தம்பி மகள் 2020இல் பி.ஏ. இசை சேர்ந்தாள். சேர்ந்த வருஷம் கொரோனா. கல்லூரியைக் கண்ணால் பார்க்காமல் முதல் பருவம் எங்கள் வீட்டு மாடி அறையில் முடிந்தது. அவளுடைய பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் சைக்ளோஸ்டைல் தாள் ஒன்று; இது ஒரு புத்தகம். உள்மதிப்பீடு 25, வெளித் தேர்வு 75. ஒவ்வொரு அலகுக்கும் ‘கற்றல் விளைவு’; ஒவ்வொரு விளைவுக்கும் எதிரே கே1, கே2 என்று கே6 வரைக்கும் குறியீடு.

‘இது என்னடி கட்டை மாதிரி? ஒண்ணு, ரெண்டுன்னு?’

‘கட்டை இல்லத்தே, புளூம்ஸ் டாக்ஸானமி.’

1956இல் அமெரிக்காவில் பெஞ்சமின் புளூமும் அவர் கூட்டாளிகளும் அறிவுக்குக் கட்டிய படிக்கட்டாம். இப்போது சொல்கிற வரிசையில் நினைவில் வைப்பது முதல் படி. புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல் என்று ஏறி, படைத்தல் ஆறாவது படி. பைரவி வர்ணம் கே3இல் இருந்தது. கே3 என்றால் பயன்படுத்தல். ஐம்பது வருஷமாகப் பாடுகிறேன், பைரவியை எதற்குப் பயன்படுத்துவது என்று இன்னும் பிடிபடவில்லை.

வகுப்பு கூகுள் மீட்டில். அங்கே ஆசிரியர் தட்டுகிற தாளம் இங்கே அரை அட்சரம் தள்ளி வந்து சேரும். இவள் அதற்குப் பாடினால், அது அங்கே போய்ச் சேரும்போது இன்னும் அரை அட்சரம் தள்ளியிருக்கும். கடைசியில் ஆசிரியர் தட்டுவதையே விட்டுவிட்டார். அதைவிட வேடிக்கை தம்புரா. விடாமல் ஒரே மாதிரி கேட்கிற சத்தம் எதுவும் மின்விசிறி இரைச்சல் போல வேண்டாதது என்று அந்தச் செயலி முடிவுகட்டி அழித்துவிடும். சுருதி என்பதே விடாமல் ஒரே மாதிரி கேட்பதுதானே? எங்கள் துருத்திப் பெட்டி கால் கட்டை அரைக் கட்டைதான் ஏமாற்றியது. இது சுருதியையே குப்பை என்று கூட்டித் தள்ளியது.

பருவத் தேர்வுக்கு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். விதிமுறைகள் வந்தன. ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். முகமும் தாளம் போடுகிற கையும் தெரிய வேண்டும். அறையில் வேறு ஆள் குரல் கேட்கக் கூடாது. வர்ணம் இரண்டு காலமும் முழுசாக.

‘முழுசாக’ என்ற வார்த்தையை நான் இரண்டு தடவை படித்தேன்.

விரிபோணி. மேம்பாலம் வந்தும் காளவாசலில் ஹாரன் நின்றபாடில்லை. அதனால் விடிகாலை நாலரைக்கு வைத்துக்கொண்டோம். அந்த நேரம் எனக்குப் பழக்கம்தான். கைபேசியை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து, பின்னால் சத்தம் காட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம். எனக்குப் ‘போதும்மா’ விழுந்த ஆவர்த்தனத்தை அவள் சாதாரணமாகக் கடந்து போனாள். யாரும் நிறுத்தவில்லை. சரணத்துக்கு வந்தாள். இரண்டாம் காலத்துச் சிட்டை ஸ்வரங்களில் குரல் சூடேறி உருண்டு வந்தது. என் கால் விரல் ஆடிக்கொண்டிருந்ததை முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

பாடி முடித்துக் கைபேசியைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று தெரியவில்லை. எதிரே மேஜையும் இல்லை, மூன்று பேரும் இல்லை. கண்ணால் என்னைக் கேட்டாள். வேறு ஆள் குரல் கேட்கக் கூடாதே. போதும் என்று கையை மட்டும் காட்டினேன்.

பிறகு அனுப்ப உட்கார்ந்தோம். பதினெட்டு நிமிஷ வீடியோ, இரண்டு ஜிபிக்குக் கிட்ட இருந்தது. வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. சிவப்பெழுத்தில் ஒரு வரி வந்தது: கோப்பின் அளவு வரம்பை மீறிவிட்டது.

‘எவ்வளவுதான் ஏத்துக்குமாம்?’

படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னென்னவோ செய்தாள். என்ன குறைத்தாலும் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஏறவில்லை. ஆறு நிமிஷம் என்றால் அனுபல்லவி. ஏறக்குறைய அதே ஆவர்த்தனம். முப்பத்தேழு வருஷம் கழித்து அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், அந்த ‘ம்மா’ மட்டும் இல்லை.

வெட்டி அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறதே. திரும்ப முதலிலிருந்து, அனுபல்லவி வரைக்கும் மட்டும் பாடித்தான் எடுக்க வேண்டும். வெளியே முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

‘சீக்கிரம்டி, விடிஞ்சிருச்சு’ என்றேன். அவள் அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன்.